ஜீப்பை வாங்கலாம், மண்ணை ஏன் வாங்கவேணும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டமியாவின் 1/35 அளவு வில்லிஸ் ஜீப், அதாவது உண்மையின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிப் பூட்டுகிற பிளாஸ்டிக் மாதிரி, கொடுக்கிற காசுக்குப் பெறுமதியான பெட்டி. யுத்த வாகன மாதிரி ஒன்றைச் செய்து, அதைச் சும்மா அலுமாரியில் நிறுத்தாமல் மண்ணும் மரமும் ஆளுமாக ஒரு டயோராமாவில், அதாவது சின்னக் காட்சித் தளத்தில், வைக்க நினைக்கிற எவருக்கும் முதல் பெட்டியாக இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் இணையக் கடைகள் அந்த ஜீப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிற ஆயத்த மண், ஆயத்தச் சேறு, ஆயத்தப் புல், பிளாஸ்டிக் பனைமரம் எல்லாம் இருக்கிறதே, அவற்றில் முக்கால்வாசி யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவருக்குத் தேவையே இல்லை. சிலது காட்சியைக் கெடுக்கவும் செய்யும்.

முதலில் பெட்டி. டமியா ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து நிறுவனம். 1/35 என்ற இந்த அளவே அவர்களிடமிருந்து வந்ததுதான். 1961 இல் ஜேர்மன் பந்தர் தாங்கியை மோட்டாரில் ஓடுகிற மாதிரியாக வெளியிட்டபோது, உள்ளே பற்றரி கொள்ளவேண்டும் என்பதற்காக உடலை ஒரு அளவில் செய்தார்கள், பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 1/35 ஆக வந்தது, அதையே பிடித்துக்கொண்டார்கள். மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்தன. இந்த ஜீப் பெட்டி 1997 இல் வந்தது. உண்மையான வில்லிஸ் எம்பி ரக ஜீப் ஏறக்குறைய 3.36 மீற்றர் நீளம், 35 ஆல் பிரித்தால் 9.6 சென்ரிமீற்றர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சின்ன வண்டி என்பதுதான் இதன் பெரிய நன்மை. தாங்கி செய்யப் போனால் சங்கிலித் தடம் பூட்டவே பொறுமை போய்விடும், தளமும் பெரிதாக வேண்டும். ஜீப்புக்கு ஒரு ஏ4 கடதாசியின் பாதி அளவு நிலம் போதும். அதோடு கூரை இல்லாத வண்டி, இருக்கை, ஸ்டியரிங், தரைத்தகடு எல்லாம் வெளியே தெரியும், ஆகவே ஆட்கள் ஏறி இறங்கிப் பாவித்த அடையாளம் காட்ட இடம் நிறைய.

பகுதிகள் பொருந்துகிற விதம் டமியாவுக்குப் பெயர் வாங்கித் தந்த விஷயம், இதிலும் அப்படித்தான். அரத்தால் தேய்த்து இழுத்துக் கட்டவேண்டிய தேவை அநேகமாக வராது. அச்சுக் கோடுகள் இருக்கும், கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டினால் போய்விடும். ஒரு குறிப்பு: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க நிறுவனங்களான வில்லிஸும் போர்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன, இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ரேடியேற்றருக்கு முன்னால் குறுக்காகப் போகும் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், போர்டில் கவிழ்த்த ‘ப’ வடிவம். பழைய படம் ஒன்றைப் பார்த்துச் செய்கிறீர்கள் என்றால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். பெட்டியில் வருகிற ஒட்டுப் படங்கள் அமெரிக்க வண்டிகளுக்கானவை, வெள்ளை நட்சத்திரமும் இலக்கமும். எங்கள் ஊர்க் காட்சிக்கு அவற்றில் பாதியை விட்டுவிடலாம்.

ஒட்டுவதற்கு டமியாவின் பச்சை மூடிப் போத்தல், எக்ஸ்ட்ரா தின் என்பது, 40 மில்லிலீற்றர். இரண்டு பகுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகையை ஒரு தரம் தொட்டால் போதும், பசை தானே இழுபட்டு உள்ளே ஓடிவிடும். எங்கள் வெக்கைக்கு மூடியைத் திறந்தபடி வைத்து வேலை செய்யாதீர்கள், பாதி ஆவியாகிப் போய்விடும். பூட்டி முடிய முன்னம் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலை, பலர் விட்டுவிடுகிறார்கள்: டயர் நிலத்தைத் தொடுகிற இடத்தைச் சான்ட் பேப்பரில் சற்றுத் தட்டையாகத் தேயுங்கள். உண்மை ஜீப் ஒரு தொன்னுக்கு மேல் நிறை, அதன் டயர் நிலத்தில் கொஞ்சம் அமுங்கித்தான் நிற்கும். வட்டமாக அப்படியே விட்டால் எவ்வளவு நல்லாகப் பெயின்ட் அடித்தாலும் வண்டி மிதக்கிறதாகவே தெரியும். முன் சில்லுகளைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பி வைத்தால் ஆரோ ஓட்டிவந்து நிறுத்தினார்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

பெயின்ட் விஷயத்தில் வெளிநாட்டுக்காரர் சொல்லித் தருவதை அப்படியே எடுக்கமுடியாது, எங்கள் காற்று வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பளபளப்பில்லாத மாற் வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளே பிடிபட்டு வெள்ளையாகப் புகை படர்ந்துவிடும். வைகாசியிலிருந்து சோழகம் வீசத் தொடங்கினால் மறுபக்கப் பிரச்சினை, அடித்த பூச்சு காயமுன்னமே தூசு வந்து ஒட்டிவிடும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். சோழக நாட்களில் என்றால் விடியக் காலையில், காற்று எழும்ப முன்னம் முடித்துவிடவேண்டும். ஸ்பிரே பேணிகளை விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள், அதனால் பிரைமருக்கு, அதாவது முதல் அடிப்பூச்சுக்கு, வாகனங்களுக்குப் பெயின்ட் விற்கிற கடைகளில் கிடைக்கிற சாம்பல் பிரைமரைத் தின்னரில் கரைத்து, காற்றால் பெயின்ட் தூவுகிற ஏர்பிரஷ்ஷால் அடிக்கலாம். ஆனால் ஈரமாக அடித்தால் அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், தூரத்தில் பிடித்து மெல்லிய தூவலாக, இடைவிட்டு இடைவிட்டு. பகுதிகளை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டகத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். டமியாவின் அக்ரிலிக் அற்ககோல் வகை, கெதியாகக் காயும், எங்கள் வெயிலில் தூரிகையால் பூசினால் இழுபடும், ஏர்பிரஷ்ஷுக்கு அருமை. வலேஹோ ஸ்பெயின் நாட்டது, தண்ணீர் வகை, தூரிகை வேலைக்கும் ஆட்களின் முகத்துக்கும் அதுதான். வலேஹோவுக்குள் வாகனத் தின்னரை ஊற்றினால் பால் திரைந்தது போலக் கட்டிபட்டுவிடும், இரண்டையும் ஒரு கிண்ணத்தில் சேர்க்கவேண்டாம்.

நிறம். ஒலிவ் டிராப் என்று போட்டிருக்கிற டமியாவின் இராணுவப் பச்சை, எக்ஸ்எப்-62 ஐப் போத்தலிலிருந்து அப்படியே அடித்தால் ஜீப் கறுப்பாகத் தெரியும். பெரிய வண்டியின் மேல் விழுகிற வெளிச்சம் வேறு, 9.6 சென்ரிமீற்றர் பொருளின் மேல் விழுகிறது வேறு, அதனால் மாதிரி எப்போதும் உண்மையைவிட ஒரு படி வெளிறி இருக்கவேண்டும். எக்ஸ்எப்-57 பஃப் என்ற வெளிர் மணல் நிறம் கொஞ்சம் கலந்து, பொனெற்றின் நடுவிலும் இருக்கை மேலும் இன்னும் கொஞ்சம் கூட்டி அடித்தால் எங்கள் உச்சி வெயில் வந்துவிடும். அதன் மேல் பளபளப்பு வார்னிஷ், பிறகு மண்ணிற எனாமல் கரைசல். எனாமல் அக்ரிலிக்கைக் கரைக்காது என்பதுதான் இதன் சூட்சுமம். கரைசலை முழுவதும் தேய்க்காமல், ஆணித்தலை, மடிப்பு, பொனெற் இடுக்கு என்று தொட்டுத் தொட்டு விட்டு, மிஞ்சியதை வைட் ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் துடைத்து எடுங்கள். இந்த எனாமல் கரைசல் போத்தல் ஒன்றை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. எண்ணெய் வர்ணக் குழாய் ஒன்றை, பேர்ன்ட் அம்பர், புத்தகக் கடையில் வாங்கி வைட் ஸ்பிரிட்டில் கரைத்தும் அதே வேலையைச் செய்யலாம், வர்ணத்தைக் கொஞ்ச நேரம் மட்டையில் பிதுக்கி வைத்து எண்ணெயை உறிஞ்ச விட்டால் பளபளப்பும் போகும்.

அப்புறம் கறள். இங்கேதான் அதிகம் பேர் வண்டியைக் கெடுக்கிறார்கள். 1944 இல் ஒரு ஜீப் ஒன்றிரண்டு வருசம் ஓடிய வண்டி, கடற்கரையில் கிடந்த பழைய இரும்பு அல்ல. பெயின்ட் உரிந்த இடம் இருக்கலாம், கறள் ஒழுகிய கோடு பக்கம் பக்கமாக இருக்கமுடியாது. பார்த்துப் பழகுவதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் இன்றும் ஓடுகிற ஊர் இது. நான் அடிக்கடி போய் நிற்கிற கராஜில் ஒரு அண்ணை இருக்கிறார், தகரவேலைக்காரர், மாதிரி வண்டியைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “தம்பி, கறள் வெயில் படுற இடத்தில தொடங்காது, தண்ணி தங்கிற இடத்திலதான். மடிப்புக்குக் கீழ பார், மட்காட்டுக்கு உள்ளுக்குப் பார், மேல ஏன் பூசி வைச்சிருக்கிறாய்?” என்றார். அவர் சொன்னதற்கு மேல் சேர்க்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: வண்டி எங்கே தேய்கிறது என்பதை, அதை ஆர் எப்படிப் பாவித்தார்கள் என்பதிலிருந்து யோசியுங்கள். ஜீப்புக்குக் கதவு இல்லை, ஏறுகிற இடத்தில் சப்பாத்து உரஞ்சி பெயின்ட் போய் வெறும் இரும்பு மினுங்கும். பெற்றோல் தாங்கி சாரதி இருக்கைக்குக் கீழே, இருக்கையைத் தூக்கித்தான் நிரப்பவேண்டும், ஆகவே எண்ணெய்க் கறை அங்கேதான் வரும், பின்பக்கத்தில் அல்ல. சின்னப் பஞ்சுத் துண்டால் கடும் மண்ணிறத்தை ஒற்றி எடுத்த தடங்கள் போதும். ஹெயார் ஸ்பிரே முறையும் இருக்கிறது, அடியில் ஒரு நிறம், மேலே ஹெயார் ஸ்பிரே, அதன் மேல் மற்ற நிறம், பிறகு தண்ணீர் தொட்டுத் தூரிகையால் தேய்த்தால் மேல்நிறம் உரிந்து வரும். அது பல வருசம் வெயிலில் நின்று, மேலே பூசிய பூச்சு தேய்ந்த வண்டிக்குப் பொருத்தம். இந்த ஜீப்புக்கு வேண்டாம்.

இனி மண். ஆயத்த மண் பேணி ஒன்றை நானும் எடுத்துப் பார்த்தேன், எந்த நிறுவனத்தது என்று சொல்ல விரும்பவில்லை. பசையோடு கலந்த களி, தளத்தில் தடவிக் காயவிடவேண்டும். நிறம் ஐரோப்பிய வயல் நிறம், கபிலமும் சாம்பலும். தடிப்பாகப் பூசிய இடத்தில் வெடித்தது. நோர்மண்டிக் காட்சி செய்கிறவருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் உரும்பிராய், சுன்னாகம், வயாவிளான் பக்கத்துத் தோட்டமண்ணை ஒரு தரம் பார்த்தவருக்கு அந்தப் பேணியைத் திறந்து பூச மனம் வராது. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இரும்பு ஒட்சைட்டால் சிவந்து கிடக்கிற எங்கள் செம்மண் இருக்கும்போது காசு கொடுத்துப் போலி மண் எதற்கு?

மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டால் மட்டும் சரிவராது. கணக்கு ஒன்று பார்க்கவேண்டும். 1 மில்லிமீற்றர் மணல், 1/35 காட்சியில் 35 மில்லிமீற்றர் கல். அதாவது எங்கள் கண்ணுக்குத் தூளாகத் தெரிவது சின்ன மனிதனின் காலுக்குக் கீழே சரளைக் கல். அதனால் மண்ணை முதலில் பழைய தாச்சியில் போட்டு நல்லாக வறுக்கவேண்டும், எறும்பு முட்டையும் புல்விதையும் பூஞ்சணமும் போகட்டும், இல்லையென்றால் கார்த்திகை மாதம் டயோராமாவில் உண்மையாகவே புல் முளைக்கும். ஆறின பிறகு அம்மியில் அரைத்து, தேத்தண்ணி வடியில் ஒரு தரம், பிறகு நைலோன் காலுறையில் ஒரு தரம் அரித்து மூன்று தரமாகப் பிரித்து வையுங்கள்: வடியில் தங்கியது கல், காலுறையில் தங்கியது மேல்மண், காலுறைக்குள்ளால் விழுந்தது தூசு. அந்தத் தூசுதான் தங்கம், அதை ஒரு போத்தலில் பத்திரப்படுத்துங்கள்.

தளத்துக்கு ரெஜிபோம் போதும். வெட்டி மேடுபள்ளம் எடுத்து, வெள்ளைப் பசையும் சுவர்ப் பூச்சுத் தூளும் கலந்து மேலே ஒரு தோல் பூசிவிடுங்கள், ஏனென்றால் தின்னர் கலந்த எதுவும் வெறும் ரெஜிபோமில் பட்டால் கரைந்து குழி விழும். அது காயுமுன்னம், இன்னும் ஈரமாக இருக்கும்போது, ஜீப்பின் சில்லுகளை மெல்லிய பொலித்தீன் தாளின் மேலால் அழுத்தி எடுங்கள். வண்டி நிற்கப்போகிற குழி அப்போதே ஆயத்தம். பிறகு பசை ஒன்று, தண்ணீர் ஒன்று என்ற அளவில் கலந்து, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் ஒரு துளி விடுங்கள், அந்தத் துளி இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காமல் மேலே உருண்டு நிற்கும். மண்ணைத் தூவு, பசையைச் சொட்டு, காயவிடு. திரும்பவும் தூவு. பசை பட்ட செம்மண் காய்ந்த பிறகும் கொஞ்சம் கறுத்தே இருக்கும், அதைச் சரிக்கட்டத்தான் கடைசியில் அந்தத் தூசை உலர்ந்தபடியே தூவி, தூரிகையால் தடவுகிறோம். எங்கள் ஒழுங்கைகளில் சில்லுப் போகிற தடத்தில் மண் தேய்ந்து வெள்ளைக் கல் தலைகாட்டும், நடுவில் மேடாகச் செம்மண்ணும் அறுகும். சுண்ணாம்புக் கல்லை உடைத்த தூளை அந்த இரண்டு தடத்திலும் மெல்லியதாகப் போட்டுப் பாருங்கள், பார்க்கிறவர் கேட்காமலே இது எங்கள் ஊர் என்று சொல்வார்.

இந்த முழு வேலையிலும் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது ஒன்று இருக்கிறது, அது வண்டியையும் மண்ணையும் சேர்க்கிறது. பல டயோராமாக்களில் வண்டி அழகு, தளமும் அழகு, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவை. வண்டியின் மேல் கடையில் வாங்கிய ஐரோப்பியத் தூசு, கீழே வேறு நிற மண். போத்தலில் வைத்த அதே செம்மண் தூசை வைட் ஸ்பிரிட்டில் கரைத்து மட்காட்டின் உட்புறம், சில்லின் நடு, பின்பலகை எல்லாம் விடுங்கள். ஸ்பிரிட் என்று பாமசியில் வாங்குகிறதைப் பாவிக்காதீர்கள், டமியா அக்ரிலிக் அற்ககோலில் கரையும், அடித்த பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். ஈரமாக இருக்கும்போது கடுமையாகத் தெரியும், பயப்படவேண்டாம், காய வெளிறும். எங்கே எவ்வளவு என்று தெரியாவிட்டால் தோட்டத்திலிருந்து திரும்பி வருகிற லாண்ட்மாஸ்டரைப் பாருங்கள். டயரின் வெட்டுக்குள் தடித்த மண், தடத்தின் மேடு தேய்ந்து கறுப்பு, மட்காட்டில் கீழிருந்து மேலாக மெலிந்து போகிற சிவப்பு, கால் வைக்கிற இடத்தில் மாத்திரம் துடைபட்டுச் சுத்தம். அதைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

மரம். “பாம்” என்று பையில் வருகிற பிளாஸ்டிக் மரங்கள் எல்லாம் தென்னை மாதிரி இறகு ஓலை, அதைக் கொண்டுவந்து யாழ்ப்பாணக் காட்சியில் நட்டால் பனை ஆகாது. இன்னொரு தடை உயரம். 20 மீற்றர் பனை இந்த அளவில் 57 சென்ரிமீற்றர், 9.6 சென்ரிமீற்றர் ஜீப்புக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் பார்க்கிறவர் மரத்தைத்தான் பார்ப்பார், பெட்டிக்குள்ளும் அடங்காது. இதற்கு வடலிதான், அதாவது இளம் பனைதான் விடை. மூன்றரை மீற்றர் வடலி 10 சென்ரிமீற்றர், ஜீப்போடு சரியாக நிற்கும், பக்கத்து வேலியை மேவி ஓலை விரியும்.

ஓலை செய்கிற விதம் இது. பட்டத்துக்கு ஒட்டுகிற மெல்லிய தாள் இரண்டை வெள்ளைப் பசையால் ஒன்றாக ஒட்டிக் காயவிட்டால் தேவையான தடிப்பு வரும். உண்மைப் பனை ஓலையைக் கீறிப் பாவிக்க ஆசை வரும், ஆனால் அதன் தடிப்பை 35 ஆல் பெருக்கிப் பாருங்கள், பலகை ஆகிவிடும். தாளை மூன்றரை, நாலு சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டி, விசிறி மடிப்பதுபோல ஒன்றுவிட்டு ஒன்று மடித்து, நகத்தால் அழுத்தி, மடித்தபடியே விளிம்பைக் கூராக வெட்டிவிட்டு விரித்தால் விரல் விரலாகப் பிரிந்த ஓலை கையில் இருக்கும். வெட்டு அரைவாசிக்கு மேல் உள்ளே போகக்கூடாது. மட்டைக்கு ஈர்க்கு அல்லது மெல்லிய செப்புக் கம்பி. மட்டையின் இரு விளிம்பிலும் கருக்கு இருக்கும், கம்பியில் கொஞ்சம் சுப்பர் குளூ தடவிக் கத்தி முனையால் இழுத்தால் அந்த அரிவாள் பல் வரும், இல்லாவிட்டாலும் குறையில்லை, கறுப்பாக ஒரு கோடு போட்டால் கண் ஏமாறும். நிறம் முக்கியம்: பனை ஓலையின் பச்சை தென்னையைவிடச் சாம்பல் கலந்தது, மஞ்சள் குறைவு. நடுவில் குருத்து விரியாமல் நேராக, அதைச் சுற்றி விரிந்த ஓலைகள், கீழே காவோலை வாடித் தொங்கி மண்ணிறமாக. வடலியின் அடியில் பழைய மட்டைகளின் கங்கு இரண்டாகப் பிளந்து கவிழ்ந்து ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், அது இல்லாத வடலி குச்சியில் செருகிய விசிறி மாதிரித்தான் இருக்கும். மட்டைத் துண்டுகளை அடியில் பிளந்து, சுற்றிச் சுற்றிக் கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். இடையில் பன்னாடைக்கு நைலோன் காலுறையின் நூல் பிரிந்த துண்டு. பத்து ஓலை செய்த பிறகு கை தானாக ஓடும்.

மற்றவை சுலபம். புல்லுக்குச் சணல் நார், தும்பைவிட மெல்லியது, வெட்டிக் கொத்தாகக் குத்தி நட்டால் அறுகு. கதியாலுக்குத் தோட்டத்துச் சுள்ளி, கிடுகு வேலிக்கு மடித்துப் பின்னிய கடதாசிக் கீலங்கள், சாம்பல் நிறத்தில். துலாவோடு ஒரு கிணறு வைத்தால் உயரத்துக்கும் அழகுக்கும் நல்லது, ஆனால் கிணற்றுக்கட்டின் கல்லை ஒரே அளவில் வெட்டாதீர்கள். நனைந்த இடம் காட்ட மட்டும் கடையில் விற்கிற பளபளப்பு ஜெல் ஒன்று வாங்கலாம். வாளி சிந்திய தண்ணீருக்கு அதைவிட நல்லது என் கையில் இல்லை.

எதை எங்கே வைப்பது என்று ஒட்டுமுன்னம் எல்லாவற்றையும் ஒரு மட்டையில் வைத்து நகர்த்திப் பாருங்கள். ஜீப்பைத் தளத்தின் விளிம்புக்கு நேராக நிறுத்தவேண்டாம், கொஞ்சம் சரித்து நிறுத்துங்கள். நட்ட நடுவிலும் வேண்டாம். வேலியும் ஒழுங்கையும் தளத்தின் விளிம்பில் சட்டென வெட்டுப்படட்டும், அப்போதுதான் ஊர் அங்கால் தொடர்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். வெறும் மண்ணாகக் கொஞ்ச இடத்தை விடுவதற்கு ஒருவருக்கும் மனம் வருவதில்லை, ஒவ்வொரு மூலையிலும் பெட்டியும் பீப்பாவும் கொட்டிவிடுகிறார்கள். எங்கள் வெயிலைக் காட்டுவது அந்த வெறும் மண்தான்.

ஏன் இந்த ஊரில் இருந்துகொண்டு இராணுவ வண்டி என்று கேட்கிறவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. பலாலியில் விமானத்தளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் அமைத்தது. 1944 இல் நேசநாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமும் கண்டிக்கு வந்துவிட்டது, இலங்கை முழுவதும் அந்தப் போரின் பின்தளம். அந்தக் காலத்தில், பலாலி இருக்கிற வலிகாமம் வடக்கின் ஒரு ஒழுங்கையில் ஜீப் ஒன்று கிணற்றடியில் நின்று தண்ணீர் கேட்பது நடந்திருக்கக்கூடிய காட்சி. அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். 1990 இல் போரால் எழும்பி வந்தவர்கள் அந்த மண்ணைத் திரும்ப மிதிக்க எத்தனை வருசம் காத்திருந்தார்கள் என்று இங்கே எவருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் போரை 1/35 இல் செய்ய எனக்கு மனம் வராது, செய்யவும் மாட்டேன். ஆனால் அந்த ஒழுங்கையை, கிணற்றை, வடலியை, வேலியை அளந்து பார்த்துச் செய்வதில் எனக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது. வயதானவர்களிடம் துலா எவ்வளவு நீளம், கிணற்றுக்கட்டு இடுப்புக்கு வருமா என்று கேட்கப் போனால் அவர்கள் சொல்லி முடிக்கிறதே இல்லை.

ஆட்கள். இந்த அளவில் 1.75 மீற்றர் மனிதன் 5 சென்ரிமீற்றர். சிப்பாய்களைப் பெட்டியாக வாங்கலாம், நம்மவர் வேண்டுமென்றால் ஒரு சிப்பாயின் காற்சட்டையைச் சுரண்டிவிட்டு, வெள்ளைப் பசையில் நனைத்த மெல்லிய தாளால் வேட்டி கட்டிவிடவேண்டும், மடிப்பைக் குண்டூசி முனையால் ஒதுக்கிக்கொள்ளலாம். தோல் நிறம் பற்றிக் கிடைக்கிற வழிகாட்டல்கள் எல்லாம் வெள்ளைக்காரருக்கானவை. நம்மவருக்குக் கடும் கபிலத்தில் தொடங்குங்கள், மூக்கு, கன்ன எலும்பு, தோள் எல்லாம் ஏற்றும்போது வெள்ளையைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்தது மாதிரி ஆகிவிடும். செம்மஞ்சளும் மண்ணிறமும் கலந்து ஏற்றினால் தோல் உயிரோடு இருக்கும். முதுகில் வியர்வை காட்ட மட்டும் ஒரு துளி பாதிப் பளபளப்பு வார்னிஷ்.

ஆகவே கடைக்கு எழுதுகிற பட்டியல் சின்னது: ஜீப் பெட்டி, பச்சை மூடிப் பசை, ஒலிவ் டிராப்பும் பஃப்பும், எனாமல் கரைசல் ஒன்று, மாற் வார்னிஷ் ஒன்று, ஆட்கள் பெட்டி ஒன்று. ஒரு இணைய விற்பனையாளர் எனக்குப் பெட்டியை மெல்லிய பைக்குள் போட்டு அனுப்பி மூலை நசுங்கி வந்தது, நல்லவேளை உள்ளே ஒன்றும் உடையவில்லை, ஆகவே அனுப்புமுன்னம் மட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முடித்த டயோராமாவை மூடி வைக்க, பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் வெட்டி மிஞ்சின அக்ரிலிக் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், அளவு சொன்னால் வெட்டியும் தருவார்கள். உயரத்தை அளக்கும்போது ஜீப்பை அளக்காதீர்கள், துலாவின் நுனியை அளந்து அதற்கு மேல் இரண்டு விரல் விடுங்கள். அடிப்பலகைக்கும் மூடிக்கும் இடையில் இடுக்கு இருக்கக்கூடாது, சோழகத்துத் தூசு அதற்குள்ளாலும் வந்துவிடும், பல்லியும் வந்துவிடும்.